கப்பலின் வயிற்றில் வரும் கடல்



இன்று கப்பல்களைப் பற்றி எழுத விழைகிறேன். "ஈப்போவில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த ஊர் நம்முடையது. நம்மில் பலர் தோட்டத்து லயங்களில் பிறந்து, பால்மரக் காடுகளுக்கிடையே வளர்ந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நகரத்துக்கு வந்தவர்கள். கடல் நமக்குப் பள்ளி விடுமுறைச் சுற்றுலாவோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் நம் சமையலறை அப்படிச் சொல்லவில்லை. சம்பலுக்குப் போடும் நெத்திலி பங்கோர்த் தீவிலிருந்து வருகிறது. குவேதியாவில் போடும் கெராங் கோல செப்பேத்தாங் பக்கத்துச் சேற்றுநிலங்களில் வளர்க்கப்படுகிறது. நம் வீட்டுக் கால்வாய் நீர் கிந்தா ஆற்றில் சேர்கிறது; கிந்தா ஆறு பேராக் ஆற்றில் கலக்கிறது; பேராக் ஆறு தெலுக் இந்தானைத் தாண்டி மலாக்கா நீரிணையை அடைகிறது. அந்த நீரிணை வழியாக ஆண்டுதோறும் 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் செல்கின்றன. அவை சுமந்து செல்பவற்றுள் சரக்குப் பட்டியலில் இடம்பெறாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் தண்ணீர்.

புட்டியும் கப்பலும்

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு காலிப் புட்டியும் போதுமாக இருந்தன. மூடிய காலிப் புட்டியை வாளியில் நிமிர்த்தி வைத்தால் அது நிற்காது. உடனே பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். அதனுள் கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு விட்டால் நிமிர்ந்து நிற்கும். அடியில் எடை இருந்தால்தான் மிதக்கும் பொருள் நிலைகொள்ளும் என்பதை மாணவர்கள் கண்ணால் கண்டு புரிந்துகொண்டார்கள்.

கப்பலும் இந்தப் புட்டியைப் போன்றதே. சரக்கு நிறைந்திருக்கும்போது அதன் எடையே கப்பலை நிலைநிறுத்துகிறது. சரக்கை இறக்கியபின் கப்பல் இலேசாகி நீர்மட்டத்துக்கு மேலே எழும்பிவிடும்; அதன் உந்துவிசிறியின் ஒரு பகுதிகூட வெளியே தெரியத் தொடங்கும். அந்நிலையில் புயலில் சிக்கினால் கவிழும் ஆபத்து உண்டு. பழங்காலத்தில் இதற்காகக் கல்லையும் மணலையும் அடியில் கொட்டினார்கள். இரும்புக் கப்பல்களும் நீராவி எக்கிகளும் வந்தபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, கடல்நீரையே தொட்டிகளில் இறைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. தண்ணீர் எங்கும் கிடைக்கிறது. ஏற்றுவதும் எளிது, இறக்குவதும் எளிது, விலையும் கிடையாது. இதனைப் பாலஸ்ட் நீர் என்கிறார்கள். வகுப்பில் நான் அடிப்பார நீர் என்று சொல்கிறேன். கப்பலின் அடியில் பாரமாக இருக்கும் நீர் என்பதால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடுகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. துறைமுக நீரை இறைக்கும்போது வெறும் நீர் மட்டும் உள்ளே போவதில்லை. மீன் முட்டைகள், சிப்பிக் குஞ்சுகள், நண்டின் இளவுயிரிகள், பாசிகள், நுண்ணுயிரிகள் ஆகிய அனைத்தும் போகின்றன. சல்லடை பெரியவற்றைத்தான் தடுக்கும். சிப்பியின் இளவுயிரியோ கண்ணுக்குத் தெரியாத அளவுடையது. தொட்டியின் அடியில் படியும் சேற்றில் சில பாசிகள் விதைபோன்ற உறக்க நிலையில் மாதக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது இந்நீர் வெளியே கொட்டப்படுகிறது. அதிலிருந்து இறங்கும் உயிர்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். தட்பவெப்பமும் உப்பின் அளவும் ஒத்துப்போய், தின்பதற்கு எதிரியும் இல்லாமல் போனால் ஏதோ ஒன்று பிழைத்துக்கொள்ளும். அந்த ஒன்று போதும்.

உலகக் கப்பல்கள் ஓராண்டில் இடம் மாற்றும் இந்நீரின் அளவைப் பற்றிய மதிப்பீடுகள் 300 கோடி டன்னிலிருந்து 1,000 கோடி டன் வரை வேறுபடுகின்றன. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் மலைக்க வைக்கும் அளவுதான்.

நம் மாநிலத்துக் கடற்கரையில்

பேராக் கடற்கரையில் இது நடக்கிறதா என்று கேட்டால், மஞ்சோங் மாவட்டத்தைப் பார்த்தால் போதும். லுமுட் துறைமுகம் அங்கே இருக்கிறது. அதன் அருகில் லெக்கிர் மொத்தச் சரக்கு முனையம் இருக்கிறது. நாம் வீட்டில் விளக்கேற்றும் மின்சாரத்தில் ஒரு பகுதியைத் தரும் மஞ்சோங் அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி அங்கேதான் இறங்குகிறது. சற்றுத் தொலைவில் தெலுக் ரூபியா. பிரேசில் நாட்டின் வாலே நிறுவனம் 2014ஆம் ஆண்டில் தன் இரும்புத்தாது முனையத்தை அங்கே தொடங்கியது. ஏறத்தாழ 4,00,000 டன் சுமக்கக்கூடிய, 360 மீட்டர் நீளமுள்ள உலகின் மிகப்பெரிய தாதுக் கப்பல்கள் பிரேசிலிலிருந்து அங்கு வருவதற்காகவே அம்முனையம் அமைக்கப்பட்டது. இறக்கிய தாதுவைக் கலந்து, சிறிய கப்பல்களில் ஏற்றி ஆசிய நாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

இங்கே மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "நிலக்கரிக் கப்பல் லெக்கிருக்கு வரும்போது சரக்கோடு வருகிறது, திரும்பும்போது வெறுமையாகப் போகிறது. அப்படியானால் தண்ணீரை எங்கே ஏற்றும்? எங்கே கொட்டும்?" சற்று நேரம் யோசித்துவிட்டு ஒரு மாணவி சொன்னாள்: "நம்ம தண்ணிய எடுத்துக்கிட்டுப் போய் அவங்க ஊர்ல ஊத்தும், டீச்சர்."

சரியான விடை. சரக்கை இறக்கும் துறைமுகம் நீரை ஏற்றுமதி செய்கிறது. சரக்கை ஏற்றும் துறைமுகம் நீரை இறக்குமதி செய்கிறது. லெக்கிரில் மஞ்சோங் கடல் வெளியூர் போகிறது. தெலுக் ரூபியாவிலோ இரண்டும் நடக்க வாய்ப்புண்டு: தாது இறக்கிய பெருங்கப்பல் நம் நீரை ஏற்றிக்கொண்டு பிரேசில் திரும்பும், தாது ஏற்ற வரும் சிறிய கப்பல் தன் ஊர் நீரை இங்கே இறக்கும். அதாவது நாம் பாதிக்கப்படக்கூடியவர்கள்; பிறரைப் பாதிக்கக்கூடியவர்களும் நாமே.

எண்ணூரில் விரித்த கறுப்புப் பாய்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்காக, நம் முன்னோர் கப்பலேறிய அதே சோழமண்டலக் கரையில் நடப்பதைச் சொல்கிறேன்.

சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம் அது. வடக்கே பழவேற்காட்டு ஏரி வரை நீர்வழி நீள்கிறது. இறாலுக்கும் சிப்பிக்கும் பெயர்போன இடம். சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அருகிலேயே காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன.

அண்மை ஆண்டுகளில் அந்த மீனவர்கள் இதுவரை கண்டிராத ஒரு கறுத்த சிப்பியைக் கண்டார்கள். அதற்குக் "காக்கா ஆழி" என்று பெயர் வைத்தார்கள். சிப்பி வகைகளை ஆழி என்பது அக்கரையின் வழக்கு. அறிவியலார் இதனை மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரைகளைத் தாயகமாகக் கொண்டது. ஒன்றோடொன்று நாரால் பிணைந்து, ஆற்றுப்படுகையின் மேல் கம்பளம் விரித்ததுபோல் படர்ந்துவிடுகிறது. இறால் சேற்றுக்குள் புதைந்து வாழ வேண்டிய உயிர். மேலே ஓட்டுக் கம்பளம் மூடிக்கொண்டால் அது எங்கே புதையும்? அவ்விடத்துக்கே உரிய மஞ்சள் ஆழியும் பச்சை ஆழியும் இடமின்றி நெருக்கப்பட்டன. வலையில் இறாலுக்குப் பதிலாகக் காக்கா ஆழி வந்தது. அதை வாங்குவார் இல்லை.

வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. சிப்பிகளை அகற்றும் பணிக்காகக் காமராசர் துறைமுகத்திடமிருந்து 160 கோடி ரூபாய் பெற்றுத் தருமாறு தமிழ்நாட்டு நீர்வளத் துறையே தீர்ப்பாயத்தைக் கேட்டது. எண்ணிப் பாருங்கள்: விலையே இல்லாத தண்ணீர் என்று சொன்னோம். அதனால் வந்ததாகக் கருதப்படும் கேட்டைத் துடைக்க ஓர் ஆற்றுப் பகுதிக்கு மட்டும் 160 கோடி ரூபாய் கேட்கப்படுகிறது.

இது எண்ணூரோடு நிற்கும் கதையும் அன்று. இதே சிப்பி 2014இல் பிலிப்பீன்சின் மணிலா விரிகுடாவில் காணப்பட்டது. 2016 முதல் சிங்கப்பூரின் ஜொகூர் நீரிணைப் பகுதியில் பெருகியது. தாய்லாந்து வளைகுடாவிலும் பதிவானது. 2019இல் கேரளத்தின் அஷ்டமுடி ஏரியில் இது பரவியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நிலப்படத்தை எடுத்து இவ்விடங்களைப் புள்ளியிட்டுப் பாருங்கள். நடுவில் இருப்பது நம் நாடு.

"நாமளும் கப்பல்ல வந்தவங்கதானே?"

இந்தப் பாடத்தில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது அறிவியல் அன்று, ஒரு சொல்.

வெளியிலிருந்து வந்து பெருகிக் கேடு செய்யும் உயிர்களைத் தமிழ் ஏடுகள் சில "வந்தேறி உயிரினங்கள்" என்று எழுதுகின்றன. கரும்பலகையில் அச்சொல்லை எழுதிய போதே என் வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான்: "டீச்சர், நாமளும் கப்பல்ல வந்தவங்கதானே?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள்தாம்; ஆயினும் அச்சொல்லின் கூர்மை அவர்களுக்குத் தெரிகிறது. அதற்கு நிகரான மலாய்ச் சொல்லை இந்நாட்டில் பிறந்து வளர்ந்த நம்மை நோக்கி வீசியவர்கள் உண்டு. எங்கோ கேட்டிருக்கிறான்; மனத்தில் வைத்திருக்கிறான்.

அவனுக்கு நான் சொன்ன விடையை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் ஆசிரியர்கள் இந்த இடத்தில் கவனமாக நடக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

முதலில், வந்தது என்பதே குற்றம் அன்று. பேராக்கின் பெருமையான ரப்பர் மரமே பிரேசிலின் பிள்ளை. 1876இல் அங்கிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன; அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அம்மரம்தான் நம் பாட்டன் பாட்டிக்குச் சோறு போட்டது. மிளகாய் இல்லாத தமிழர் சமையலை நினைத்துப் பார்க்க முடியுமா? அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே.

இரண்டாவதாக, ஓர் ஊரில் கேடு செய்யும் உயிர் தன் ஊரில் நல்ல உயிராகவே இருக்கிறது. நாம் விரும்பி உண்ணும் கூப்பாங் எனும் பச்சைச் சிப்பி நம் கடலுக்கு உரியது. அது 1990 வாக்கில் கரிபியக் கடலின் டிரினிடாட் தீவில் தோன்றியது. 1999இல் அமெரிக்காவின் தம்பா விரிகுடாவில் மின் நிலையக் குழாய்களை அடைத்துக்கொண்டிருந்தது. நமக்குக் கறி, அவர்களுக்குத் தொல்லை. சிப்பி மாறவில்லை, இடம் மாறியது.

மூன்றாவதாக, அந்தச் சிப்பி கப்பலேற விண்ணப்பம் போடவில்லை. அதை இறைத்து ஏற்றியவர்கள் மனிதர்கள். ஆகையால் குற்றம் என்று ஒன்று இருந்தால் அது சுமந்தவரின் கவனக்குறைவே. நம் முன்னோர் விருந்தாளியாகவும் வரவில்லை, படையெடுத்தும் வரவில்லை. வேலைக்கென அழைத்து வரப்பட்டார்கள். காட்டை அழித்துத் தோட்டமாக்கினார்கள், தண்டவாளம் போட்டார்கள், வரி கொடுத்தார்கள், இம்மண்ணிலேயே அடங்கினார்கள். மனிதரையும் சிப்பியையும் ஒரே சொல்லால் குறிப்பது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

கரும்பலகையில் அச்சொல்லை அழித்துவிட்டு "ஆக்கிரமிப்பு இனம்" என்று எழுதினேன். வந்த வழியைக் குறிக்காமல் செய்யும் செயலைக் குறிக்கும் சொல் அது. இதைவிடச் சிறந்த சொல் உங்களிடம் இருக்கலாம். சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் பாடம் நடத்துவதன் பகுதிதான் என்பதே நான் சொல்ல வருவது.

மரத்துக்கு ஒரு காவல், கடலுக்கு?

நம் முன்னோர் வந்த கப்பல்களை நினைக்கும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. பினாங்கு வந்து சேர்ந்த தொழிலாளர்கள் நேரே தோட்டத்துக்கு அனுப்பப்படவில்லை. பலர் ஜெரெஜாக் தீவின் தனிமைப்படுத்தல் நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். காலரா, அம்மை போன்ற நோய்கள் பரவக்கூடாது என்பதே நோக்கம். மனிதனை நிறுத்தி நாடி பார்த்தார்கள். கப்பலின் அடியில் இருந்த நீரை நிறுத்திப் பார்த்தவர் எவரும் இல்லை.

காவல் வைத்தால் பயன் உண்டா? உண்டு என்பதற்கு ரப்பர் மரமே சான்று. தென்னமெரிக்காவில் இம்மரத்தைத் தாக்கும் இலைக்கருகல் எனும் பூஞ்சை நோய் இருக்கிறது. 1928இல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் தொடங்கிய ஃபோர்டுலாண்டியா எனும் பெருந்தோட்டத்தை அழித்தவற்றுள் முதன்மையானது அந்நோய்தான். 1945இல் அந்த முயற்சியே கைவிடப்பட்டது. மலேசியாவும் அண்டை நாடுகளும் தென்னமெரிக்கச் செடிகள் மீது கடுமையான தனிமைப்படுத்தல் விதிகளை வைத்திருக்கின்றன. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்நோய் இங்கே காலூன்றவில்லை.

ஏன் அவ்வளவு கவனம்? ரப்பரில் பெரும் முதலாளிகளின் பணம் இருந்தது. அரசின் வருமானம் இருந்தது. எண்ணூரில் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவரிடம் என்ன இருக்கிறது? கோல செப்பேத்தாங்கில் கெராங் விதைத்துக் காத்திருப்பவரிடம் என்ன இருக்கிறது? கடலில் நேரும் இழப்புக்குப் பங்குச்சந்தையில் விலை குறிப்பதில்லை. அதனால்தான் கடலுக்கான காவல் இவ்வளவு தாமதமாக வந்தது.

எவ்வளவு தாமதம் தெரியுமா? ஆசியாவின் ஒரு நுண்பாசி வடகடலில் திடீரெனப் பெருகியதை ஐரோப்பிய அறிஞர்கள் கண்டது 1903இல். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கரையின் சீப்புச்சொறி எனும் வழுவழுப்பான உயிரி கருங்கடலை அடைந்து, மீன் குஞ்சுகளின் உணவையும் முட்டைகளையும் தின்று தீர்த்தது. சில ஆண்டுகளில் அங்கே நெத்திலிப் பிடிப்பு சரிந்து வீழ்ந்தது. பங்கோர் நெத்திலியை நம்பி வாழும் குடும்பங்களை ஒரு கணம் நினைத்துக்கொண்டு இவ்வரியைப் படியுங்கள். 1988இல் வட அமெரிக்கப் பேரேரிகளில் வரிச்சிப்பி தோன்றி, நகரங்களின் குடிநீர்க் குழாய்களையே அடைத்தது. 1991இல் தென்னமெரிக்காவில் காலரா பரவியிருந்த காலத்தில், அதே வகைக் கிருமியை அமெரிக்க வளைகுடாத் துறைமுகங்களுக்கு வந்த கப்பல்களின் அடிப்பார நீரில் கண்டுபிடித்தார்கள். இத்தனைக்கும் பிறகுதான் உலகம் கூடிப் பேசியது.

ஒப்பந்தமும் பத்து உயிர்களும்

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் கப்பல்களின் அடிப்பார நீருக்கான ஒப்பந்தத்தை ஏற்றது. மலேசியா 2010இல் அதில் இணைந்தது. போதுமான நாடுகள் கையெழுத்திட்டு அது நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பர் 8ஆம் நாள்தான். பதின்மூன்று ஆண்டுகள்! ஒரு பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்துப் படிவம் ஒன்றுக்குப் போகும் காலம்.

ஒப்பந்தம் இரண்டு வழிகளைச் சொன்னது. முதலாவது, நடுக்கடலில் நீரை மாற்றுவது. கரையிலிருந்து குறைந்தது 200 கடல்மைல் தொலைவில், 200 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், தொட்டி நீரில் 95 விழுக்காட்டையாவது மாற்ற வேண்டும். கரையோர உயிர்கள் நடுக்கடலில் பிழைப்பது அரிது. நடுக்கடல் உயிர்கள் கரையோரத்தில் பிழைப்பது அரிது. எளிய, அறிவார்ந்த உத்தி. ஆனால் குறைகளும் உண்டு. ஆட்டங்காணும் கடலில் ஒரு தொட்டியை வடித்து மற்றொன்றை நிரப்புவது கப்பலின் சமநிலைக்கே சோதனை. 2006 ஜூலையில் ஏறத்தாழ 4,700 புதிய கார்களை ஏற்றிவந்த கூகர் ஏஸ் எனும் கப்பல், அலாஸ்கா அருகே நீர் மாற்றும் வேளையில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. மேலும், மலாக்கா நீரிணையில் எங்கே போய் 200 கடல்மைல் தேடுவது? லுமுட்டிலிருந்து சுமத்ராவுக்குப் போகும் கப்பல் கரையை விட்டு அவ்வளவு தொலைவு விலகவே முடியாது.

ஆகவே இரண்டாவது வழி: கப்பலிலேயே நீரைத் தூய்மைப்படுத்துவது. முதலில் நுண்வடிகட்டி. அடுத்துப் புறவூதாக் கதிர் பாய்ச்சியோ, கடல்நீரில் மின்சாரம் செலுத்திக் குளோரினை உண்டாக்கியோ உயிரிகளைச் செயலிழக்கச் செய்கிறார்கள். வெளியேற்றும் நீரில் 50 மைக்ரான் அளவும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள், ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. 50 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். கணித ஆசிரியர்களே, அளவை மாற்றப் பயிற்சிக்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைக்குமா? காலராக் கிருமிக்கும் குடல் நுண்ணுயிரிகளுக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. 2024 செப்டம்பர் 8ஆம் நாளுக்குள் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கப்பல்கள் அனைத்தும் இந்த அளவுகோலை எட்ட வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. கப்பல் ஒவ்வொன்றும் எங்கே நீர் எடுத்தது, எங்கே விட்டது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். துறைமுக அதிகாரிகள் அப்பதிவேட்டைக் கேட்கலாம். நீரின் மாதிரியையும் எடுக்கலாம்.

கருவி இருந்தால் போதுமா? சேறு கலந்த ஆற்றுமுகத்து நீரில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கலங்கிய நீரில் புறவூதாக் கதிர் ஊடுருவாது. நம் கரையோர நீர் எவ்வளவு கலங்கலானது என்பதை நாம் அறிவோம். அதைவிட, அடிப்பார நீர் மட்டுமே வழி அன்று. கப்பலின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் உயிர்கள் பயணம் செய்கின்றன. 1967இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் காணப்பட்ட ஒரு கரிபியச் சிப்பி இனம், 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் படகுத்துறையில் தோன்றியது. உல்லாசப் படகுகளில் ஒட்டி வந்ததாகக் கருதினார்கள். அங்கே தயங்காமல் படகுத்துறைகளை மூடினார்கள். குளோரினும் செப்பு சல்ஃபேட்டும் கொட்டிச் சில வாரங்களில் அடியோடு ஒழித்தார்கள். முளையிலே கிள்ளாததை முற்றினால் கோடரி கொண்டு வெட்ட வேண்டும் என்பார்கள். டார்வினில் கிள்ளினார்கள். எண்ணூரில் கோடரி தேடுகிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

நம் கடலிலும் எச்சரிக்கைகள் உண்டு. 2024 ஏப்ரலில் போர்ட் டிக்சன் கூப்பாங்கை உண்டவர்கள் நச்சுப்பாசியின் விளைவாக நோயுற்றார்கள்; அங்கிருந்து சிப்பி விற்பது நிறுத்தப்பட்டது. அதற்குக் கப்பல் நீர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நச்சுப்பாசிக்குக் காரணங்கள் பல. ஆனால் கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாமல் நிகழும் மாற்றம் எவ்வளவு விரைவாக நம் தட்டுக்கு வந்து சேர்கிறது என்பதற்கு இது போதுமான சான்று.

கப்பல் விதியை நாம் எழுத முடியாது. ஆனால் பெற்றோர்களே, ஈயம் எடுத்துக் கைவிட்ட குட்டைகள் நம் கிந்தா பள்ளத்தாக்கில் எத்தனை இருக்கின்றன! அவற்றில் தூண்டில் போட்டால் இன்று என்ன மீன் கிடைக்கிறது? திலாப்பியாவும், தென்னமெரிக்காவைச் சேர்ந்த மயில் கெண்டையும், தொட்டியின் பாசியைத் தின்பதற்காக வாங்கிய "பண்டாராயா" மீனும்தான். அவற்றைக் கொண்டுவந்தவை எந்தக் கப்பலின் அடிப்பார நீரும் அல்ல. சிலவற்றை நாமே விட்டோம். வளர்க்க முடியாமற்போன அழகு மீனை "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று இரக்கத்தோடு குட்டையிலும் ஆற்றிலும் விட்டார்கள். நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியும் சிறிய அளவில் ஓர் அடிப்பாரத் தொட்டிதான். வளர்க்க இயலாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், வேறொருவருக்குக் கொடுங்கள், ஆற்றில் மட்டும் விடாதீர்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் முன்னாள் மாணவர்களில் லுமுட்டிலும் சித்தியவானிலும் வேலை செய்பவர்கள் இருப்பார்கள். கப்பலில் பொறியாளராகப் போனவர்களும் இருப்பார்கள். அவர்களை வகுப்புக்கு அழையுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் என்னும் மூன்றே கனவுகள் போதும் என்று நாம் வைத்திருக்க வேண்டியதில்லை. கடல் உயிரியல், கப்பல் பொறியியல், துறைமுக ஆய்வு ஆகியவையும் மதிப்புமிக்க தொழில்களே. ஒரு கப்பலின் பதிவேட்டைக் கையில் வாங்கி, "இந்த நீரை எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்கும் அதிகாரியாக நம் பள்ளிப் பிள்ளை ஒருவர் ஏன் வரக்கூடாது?

புட்டிச் சோதனையை உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். ஒரு வாளி, ஒரு புட்டி, ஒரு நிலப்படம் போதும். மாணவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். என் வகுப்பில் கேட்ட கேள்விக்கு நான் முழுமையாக விடை சொல்லிவிட்டதாக எண்ணவில்லை. உங்கள் விடை என்னுடையதைவிடச் சிறப்பாக அமையலாம்.